அன்டிகோஸ்டித் தீவில் மான் வேட்டை: போய்வந்தவர்கள் எழுதுங்கள்

சென்லோரன்ஸ்கரை எழுதியது:

அன்டிகோஸ்டித் தீவுக்கு மான் வேட்டைக்குப் போய்வந்தவர்கள் இங்கே இருந்தால் உங்கள் நினைவுகளை எழுதுங்கள். மீன்பிடிப்பைப் பற்றிப் பல இழைகள் இருக்கின்றன. இந்தத் தீவைப் பற்றி ஒன்றுகூட இல்லாதது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சென் லோரன்ஸ் ஆறு கடலைத் தொடும் வளைகுடாவில் குறுக்கே கிடக்கும் நீண்ட தீவு அது. கனடாவின் கியூபெக் மாகாணத்துக்குச் சொந்தம். பரப்பு ஏறத்தாழ 7,900 சதுர கிலோமீட்டர். தனி மாகாணமாக இருக்கும் பிரின்ஸ் எட்வர்ட் தீவைவிடப் பெரியது. அவ்வளவு பெரிய நிலத்தில் ஊர் என்று சொல்லப் போர்-மெனியே ஒன்றுதான் உண்டு. அங்கே சுமார் 200 பேர் வசிக்கிறார்கள். மான்களோ பல்லாயிரக்கணக்கில். ஊருக்குள் வீட்டு வாசலில் நின்று புல் மேயும். அங்கே அவற்றை யாரும் சுடுவதில்லை.

மொன்றியலில் நான் வேலை பார்த்த உலோகப் பட்டறையின் மேற்பார்வையாளர் கஸ்பே பகுதியைச் சேர்ந்தவர். அவருடைய தகப்பன் காலத்திலிருந்தே அந்தக் குடும்பம் இலையுதிர் காலத்தில் அன்டிகோஸ்டிக்குப் போகிறது. அவர்கள் குழுவில் ஓர் இடம் காலியானபோது என்னைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு அவர்கள் என்னை விட்டுவிட்டுப் போனதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கடற்கரை வேட்டை. தீவைச் சுற்றிச் சுண்ணாம்புப் பாறை தட்டையாகக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. வற்றம் வந்தால் பாறை வெகுதூரம் வெளியே தெரியும். அலை ஒதுக்கிய கடற்பாசியைத் தின்ன மான்கள் காட்டிலிருந்து இறங்கி வரும். நாங்கள் கரையோரத் தாழ்ந்த மரங்களை ஒட்டி, காற்று முகத்தில் படும்படி நடப்போம். நடப்பது என்று சொல்வதே சரியில்லை. நாலு அடி வைத்து நிற்போம், பார்ப்போம், மறுபடி நாலு அடி வைப்போம். மேற்பார்வையாளர் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் அதுதான்: முழு மானைத் தேடாதே, ஒரு காதைத் தேடு, மரங்களுக்கு நடுவே படுக்கைவாட்டில் ஓடும் ஒரு முதுகுக் கோட்டைத் தேடு. மரங்கள் எல்லாம் செங்குத்தாக நிற்கும் காட்டில் படுக்கைவாட்டில் தெரியும் கோடு பெரும்பாலும் மான்தான்.

நவம்பரில் போனால் வேறு அனுபவம். அது இணைசேரும் காலம். மற்ற மாதங்களில் நிழலுக்குப் பயப்படும் கொம்பு வைத்த ஆண்மான், பெண்மானின் தடத்தை முகர்ந்துகொண்டு பட்டப்பகலில் திறந்த சதுப்பு வெளியைக் கடந்து வரும். ஒருமுறை மூடுபனிக்குள் ஒரு பெரிய ஆண்மான் என்னைக் கடந்து போனது. மூச்சு ஆவியாக எழுவதுகூடத் தெரிந்தது. சுடக்கூடிய தூரம்தான். பின்னால் என்ன இருக்கிறது என்று பனியில் தெரியவில்லை, அதனால் துப்பாக்கியை உயர்த்தவில்லை. நான் சுட்ட மான்களைவிட அந்த மானைத்தான் அடிக்கடி நினைக்கிறேன்.

வன்னிமகன் எழுதியது:

அண்ணா, வாசித்ததும் மனம் எங்கேயோ போய்விட்டது. எங்கள் அப்பப்பா முல்லைத்தீவுக் காட்டோரம் கமம் செய்தவர். வீட்டில் துவக்கு இருந்தது. மான் வத்தல், மரை வத்தல் என்று அடுப்புக்கு மேலே பரணில் புகை பிடித்துக் கிடக்கும் வாசம் இன்னும் மூக்கில் நிற்கிறது. பிறகு சட்டமும் போரும் எல்லாவற்றையும் நிறுத்தின. இலங்கையில் மானைச் சுடுவது குற்றம், அது அப்படியே இருக்கட்டும். அங்கே மிஞ்சியிருக்கும் மான்கள் குறைவு.

இந்த நாட்டில் சட்டப்படி செய்ய முடியும் என்றால் ஒருமுறையாவது போக வேண்டும். என்னென்ன செய்ய வேண்டும்? அந்தத் தீவுக்கு எப்படிப் போவது?

சென்லோரன்ஸ்கரை எழுதியது:

தம்பி, முதலில் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி, அதில் தேர்ச்சி, பிறகு கூட்டாட்சி அரசின் துப்பாக்கி உரிமம். அது கையில் வரச் சில மாதங்கள் ஆகும், ஆகவே இந்தக் குளிர்காலத்திலேயே தொடங்கு. அதோடு வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். பிறகு அந்த ஆண்டுக்கான மான் அனுமதி. அதோடு வரும் சீட்டை, மான் விழுந்த இடத்திலேயே அதன் உடலில் கட்டிவிட வேண்டும். பிறகு பதிவு செய்ய வேண்டும்.

தீவில் நினைத்த இடத்தில் கூடாரம் அடித்து வேட்டையாட முடியாது. பெரும்பகுதி மாகாணப் பூங்காக்களை நடத்தும் செபாக் என்ற அரசு நிறுவனத்தின் நிர்வாகத்திலும் தனியார் வேட்டை முகாம்களின் கையிலும் இருக்கிறது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பகுதியை ஒதுக்குவார்கள். அந்த எல்லைக்குள் வேறு குழு வராது. இதில் எனக்குப் பெரிய நிம்மதி. பெருநிலத்தில் நவம்பர் மாதம் காட்டுக்குள் போனால் எந்தப் புதருக்குப் பின்னால் யார் துப்பாக்கியோடு இருக்கிறார் என்ற கவலை விடாது.

பெரும்பாலோர் மோன்-ஷோலியிலிருந்து சிறிய விமானத்தில் போகிறார்கள். எங்கள் குழு கப்பலை விரும்பும். ரிமூஸ்கியிலிருந்து புறப்படும் பெல்லா டெகாஞ்ஞே என்ற கப்பல் செட்-டில் துறைமுகத்தைத் தொட்டு, பிறகு போர்-மெனியே போய், அங்கிருந்து வடகரை ஊர்களுக்குத் தொடர்கிறது. சாலையே இல்லாத ஊர்களுக்கு அரிசியும் மாவும் கொண்டுபோகும் கப்பல் அது. இரவில் தளத்தில் நின்று பேசிக்கொண்டு போவது பயணத்தின் பாதிச் சுகம்.

பச்சைவயல் எழுதியது:

உங்கள் எழுத்து அழகாக இருக்கிறது, அதனால்தான் கூடுதலாக வருத்தமாக இருக்கிறது. ஓநாய் இல்லாத தீவு, மனிதரைக் கண்டு ஓடக்கூடத் தெரியாத விலங்கு, கையில் தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கி. இதில் இனிய நினைவு என்று சொல்ல என்ன இருக்கிறது? நான் டொராண்டோவில் இருக்கிறேன், எங்கள் வீட்டுப் பின்புறப் பள்ளத்தாக்கில் மான்கள் வருகின்றன. அவற்றைப் பார்ப்பதே எனக்குப் போதும். உயிரை எடுத்தால்தான் காடு அனுபவமாகுமா? யாரையும் புண்படுத்த எழுதவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

காட்டியல்மாணவி எழுதியது:

கியூபெக் நகரில் வனவியல் படிக்கிறேன். பச்சைவயல் அக்காவின் கேள்விக்கு என்னால் முடிந்த அளவு.

அந்தத் தீவில் முதலில் மானே கிடையாது. 1895இல் ஆன்ரி மெனியே என்ற பிரெஞ்சு சாக்லேட் ஆலை அதிபர் தீவை முழுவதுமாக 1,25,000 டாலருக்கு விலைக்கு வாங்கினார். தன் சொந்த வேட்டைக்காடாக மாற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. மூஸ், மரத்தை அரிந்து அணை கட்டும் பீவர், முயல், தவளை என்று பலவற்றைக் கொண்டுவந்து விட்டார். காட்டெருமையும் கலைக்கொம்புக் காரிபூவும் நிலைக்கவில்லை. 1896, 1897 ஆண்டுகளில் கொண்டுவரப்பட்ட வெண்வால் மான்கள் சுமார் 220. இன்று தீவில் இருப்பவை எல்லாம் அவற்றின் வழித்தோன்றல்கள்.

அப்போது தீவில் இருந்த பெரிய விலங்கு கருங்கரடி, அதுவும் நிறைய. ஓநாயோ, ஓநாய்க்கு இனமான சிறிய கயோட்டியோ இல்லை. மான்கள் பெருகியபோது பெர்ரிப் புதர்களை அடியோடு தின்றுவிட்டன. குளிர்கால உறக்கத்துக்கு முன் கரடி உடம்பில் கொழுப்பு ஏற்றுவது அந்தப் பழங்களைக் கொண்டுதான். கரடிகள் குறைந்து குறைந்து, இப்போது தீவில் ஒன்றுகூட இல்லை. சாதுவாகத் தாவரம் தின்னும் ஒரு விலங்கு, ஒரு பெரிய ஊனுண்ணியைத் தீவிலிருந்தே அகற்றிவிட்டது. லாவல் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் கோத்தே இதை ஆய்ந்து எழுதியிருக்கிறார். நான் இந்தத் துறைக்கு வந்ததற்கு அந்தக் கட்டுரையும் ஒரு காரணம்.

அடுத்து மரம். குளிர்காலத்தில் மான்களின் முக்கிய உணவு பால்சம் ஃபிர் மரத்தின் ஊசியிலை. முளைக்கும் கன்று எல்லாம் வாய்க்குப் போய்விடுகிறது. மெனியே காலத்துக்கு முன் முளைத்த முதிய மரங்கள் விழ விழ, அந்த இடத்தில் மான் அவ்வளவாகத் தொடாத வெள்ளை ஸ்ப்ரூஸ் என்ற வேறொரு ஊசியிலை மரம் வளர்கிறது. ஆக, மான்கள் குளிர்காலத்தில் எதை நம்பி வாழ்கின்றனவோ அதையே இல்லாமல் செய்துகொண்டிருக்கின்றன. பனி ஆழமாகவும் குளிர் நீளமாகவும் இருக்கும் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் பட்டினியால் சாகின்றன. குட்டிகள்தான் முதலில் சாகும். வாரக்கணக்கில் மெலிந்து சாவதையும் துப்பாக்கிக் குண்டையும் ஒப்பிட்டு எது மேல் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே மான்கள் வேட்டையில்லாவிட்டால் நிம்மதியாக வாழும் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

வடதுருவன் எழுதியது:

மாணவி சொன்ன இயற்கை வரலாறு சரி. அதிலிருந்து வேட்டைக்காரர்கள் காட்டைக் காப்பாற்றுகிறார்கள் என்ற முடிவுக்கு மட்டும் யாரும் தாவ வேண்டாம். ஒரு பருவத்தில் வேட்டையில் விழுவது சில ஆயிரம் மான்கள். அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒவ்வொரு வசந்தத்திலும் பிறக்கும் குட்டிகளே அதை ஈடுகட்டிவிடும். பலர் தேடுவது கொம்பு வைத்த ஆண்மானை. ஆண்மானைச் சுட்டால் கூட்டம் குறையாது, ஏனென்றால் எஞ்சிய ஆண்மான்கள் எல்லாப் பெண்மான்களையும் சினைப்படுத்தும்.

இன்னொன்று: தீவின் வருமானமே வேட்டைதான். வருகிறவர் ஒவ்வொரு நாளும் மானைக் காண வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். மான் அதிகமாக இருந்தால்தான் முகாம் நிரம்பும், மான் குறைந்தால்தான் காடு மீளும். இந்த முரண்பாட்டைப் பேசாமல் வேட்டையைப் பாதுகாப்புப் பணி என்று அழைப்பது எனக்கு ஏற்புடையதல்ல.

சென்லோரன்ஸ்கரை எழுதியது:

வடதுருவன் ஐயா, உங்கள் கணக்கை நான் மறுக்கவில்லை. நான் காட்டைக் காக்கப் போவதாக எங்கேயும் எழுதவும் இல்லை. போவது இறைச்சிக்காகவும், அந்தக் கரைக்காகவும், அந்த மனிதர்களோடு இருப்பதற்காகவும்.

ஆனால் ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். தீவில் சில இடங்களில் வெட்டப்பட்ட காட்டைச் சுற்றி உயரமான வேலி அடைத்திருக்கிறார்கள். வேலிக்குள் இருக்கும் மான்களை வேட்டையால் குறைத்து, கன்றுகள் வளர வழி செய்கிறார்கள். வேலிக்கு வெளியே பாசியும் பன்னமும் ஸ்ப்ரூஸும்தான். மானின் வாய் எட்டும் உயரம் வரை பச்சை இலையே இல்லை, கத்தரித்து விட்ட கோடு போலக் காடு முழுவதும் ஒரே மட்டம். வேலிக்குள்ளே ஃபிர் கன்றுகள் இடுப்பளவு நின்றன, நடுவே பெர்ரிப் புதர்கள், அதற்குள் பறவைச் சத்தம். அதைப் பார்த்த பிறகு எங்கள் குழுவில் பேசி முடிவெடுத்தோம்: கொம்பைத் தேடுவதில்லை, பெண்மானைத்தான் சுடுவது. மேற்பார்வையாளரின் மைத்துனர் மட்டும் சம்மதிக்கவில்லை. பெண்மானைச் சுடக்கூடாது என்று அவருக்கு அவர் தகப்பன் சொல்லி வளர்த்தது. அவரை நாங்கள் வற்புறுத்தவில்லை.

பச்சைவயல், உங்களுக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். ஊருக்குள் இருக்கும் மான்களுக்குத்தான் ஓடத் தெரியாது. முகாமிலிருந்து ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். வெள்ளை வாலை உயர்த்திவிட்டு மறைந்துவிடும். வாலைத் தவிர வேறொன்றையும் பார்க்காமல் திரும்பிய நாள்கள் எனக்கு நிறைய உண்டு. மானைப் பார்ப்பது போதும் என்கிறீர்கள். எனக்கும் பெரும்பாலான நாள்களில் அதுதான் கிடைக்கிறது. ஆனால் நான் இறைச்சி தின்கிறவன். கடையில் வாங்கும் கோழி எங்கே வாழ்ந்தது, எப்படிச் செத்தது என்று எனக்குத் தெரியாது. இந்த மான் எங்கே நின்றது, எதைத் தின்றது, எந்த நொடியில் விழுந்தது என்று தெரியும். சுட்ட பிறகு ஓடிப்போய்ப் பார்க்கக் கூடாது, அமைதியாகக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் மனம் கனத்துத்தான் இருக்கும். கனக்காதவன் துப்பாக்கியைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

அந்தமான்கரை எழுதியது:

நான் அந்தமானில் பிறந்து வளர்ந்தவன், இப்போது சென்னையில் இருக்கிறேன். இந்த இழை எங்கள் ஊர்க் கதையாகவே இருக்கிறது. அங்கும் முதலில் புள்ளிமான் கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்டார்கள். புலியும் சிறுத்தையும் இல்லாத தீவுகள். மான் கடலில் நீந்தித் தீவுக்குத் தீவு பரவிவிட்டது. முன்பு ராஸ் தீவு என்றிருந்த இடத்தில் சுற்றுலாப் பயணிகளின் கையிலிருந்தே தின்னும். காட்டுக்குள் போனால் தரையோரச் செடிகள் அரித்துக் கிடக்கின்றன. அந்தப் புதர்களில் வாழும் பல்லி இனங்கள்கூடக் குறைந்துவிட்டன என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் புள்ளிமானைக் காக்கிறது, ஆகவே வேட்டை கிடையாது. ஒரே சிக்கலுக்கு இரண்டு நாடுகள் நேர் எதிரான வழியில் போயிருக்கின்றன, இரண்டு இடத்திலும் காடு இன்னும் மீளவில்லை.

கோணேசபுரி எழுதியது:

எங்கள் திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் நிற்கும். மான் என்றால் பழம் கொடுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் வேட்டையைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த மெனியேயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இங்கே அவரை வெறும் ஆசைக்காரச் செல்வந்தராக விட்டுவிட்டீர்கள்.

தீவின் கிழக்கே பாக்ஸ் பே என்ற இடத்தில் மீன்பிடித்து வாழ்ந்த குடும்பங்கள் இருந்தன. நிலம் தனக்குச் சொந்தம் என்று மெனியேயின் நிர்வாகம் வழக்காடி அவர்களை வெளியேற்றியது. 1900 அளவில் அந்தக் குடும்பங்கள் மனிடோபாவுக்குப் போய்ச் சேர்ந்தன. கடலைத் தவிர வேறு தொழில் அறியாதவர்கள் சமவெளியில் கொண்டுபோய் விடப்பட்டார்கள். இடம்பெயர்ந்த நாம் இதை வாசித்துவிட்டுக் கடந்து போகக் கூடாது. மெனியே 1913இல் இறந்தார், அவருடைய தம்பி 1926இல் காகித நிறுவனங்களுக்கு விற்றார், போர்-மெனியே அருகே கட்டிய மாளிகையை 1953இல் நிறுவனமே எரித்துவிட்டது. 1974இல்தான் தீவு கியூபெக் அரசின் கைக்கு வந்தது. மாளிகையின் அடித்தளக் கற்களுக்கு நடுவே இன்று மான் மேய்கிறது என்று சொல்வார்கள், உண்மையா?

சென்லோரன்ஸ்கரை எழுதியது:

உண்மைதான், நானே பார்த்தேன். பாக்ஸ் பே பக்கமும் ஒருமுறை போனோம். மேற்பார்வையாளர் அங்கே தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். 1828இல் கிரானிக்கஸ் என்ற கப்பல் உடைந்து, கரையேறியவர்கள் அத்தனை பேரும் குளிர்காலத்தில் மாண்டதும் அந்தப் பக்கம்தான். தீவைச் சுற்றி உடைந்த கப்பல்கள் நானூறுக்கும் மேல் என்பார்கள். வில்காக்ஸ் என்ற கப்பல் துருவேறிக் கரையிலேயே கிடக்கிறது. அதன் காற்று மறைவில் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறோம்.

வன்னிமகன் எழுதியது:

அண்ணா, இறைச்சியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே. எப்படிக் கையாளுகிறீர்கள்? தோலோடா, உரித்தா? கறி வைத்தால் கவிச்சி அடிக்குமா?

சென்லோரன்ஸ்கரை எழுதியது:

இதைத்தான் விரிவாக எழுத ஆசை.

விழுந்த இடத்திலேயே குடலை எடுத்துவிட வேண்டும். கத்தி முனை குடலிலும் சிறுநீர்ப்பையிலும் படக் கூடாது. மான் இறைச்சி கவிச்சி அடிக்கிறது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் தின்றது, தாமதமாகக் குடலெடுத்த மானை. உடல் சூடு எவ்வளவு விரைவில் இறங்குகிறதோ அவ்வளவு நல்லது. ஈரலையும் இதயத்தையும் துணிப் பையில் தனியே எடுத்துக்கொள்வோம். மிச்சத்தை அப்படியே விட்டு நகர்ந்தால் அண்டங்காக்கை முதலில் வரும், பிறகு நரி, சில சமயம் வெண்தலைக் கழுகு.

முகாமில் காற்றோட்டமான கொட்டிலில் தோலோடு தொங்கவிடுவோம். உறைநிலைக்குச் சற்று மேலே குளிர் இருந்தால் நாலைந்து நாள் தொங்கலாம்; தசை தளர்ந்து மென்மையாகும். முதல் இரவு ஈரல்தான். மெல்லிதாக நறுக்கி, வெங்காயமும் மிளகும் போட்டு, இரும்புச் சட்டியில் ஒரு பக்கம் ஒரு நிமிடத்துக்கு மேல் வைக்காமல் எடுப்பார் மைத்துனர். அந்தக் குழுவில் அவர் பேச்சைக் கேட்காமல் யாரும் அடுப்பைத் தொடுவதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு: கொழுப்பு முழுவதையும் அகற்று, வெள்ளை சவ்வையும் சீவி எடு. மான் கொழுப்பு ஆறினால் மெழுகாக மேல்வாயில் ஒட்டும். முதுகுத் தசையைக் கறி வைக்காதே, அது பாவம். வெண்ணெயில் சுட்டு உள்ளே சிவப்பாக இருக்கும்போதே சாப்பிடு. தோளும் கழுத்தும்தான் கறிக்கு. யாழ்ப்பாணத் தூள், இஞ்சி உள்ளி, இறக்கும்போது கொஞ்சம் தேங்காய்ப் பால். சின்னத் தீயில் மூன்று மணி நேரமாவது வேக வேண்டும். அவசரப்பட்டால் நார் நாராகக் காய்ந்துவிடும். காலின் கீழ்ப்பகுதியை எலும்போடு ரசத்துக்கு வைத்துக்கொள். என் மனைவி அதில் வைக்கும் மிளகு ரசத்துக்காகவே அவளுடைய அண்ணன் ரொறன்ரோவிலிருந்து வருவார்.

காட்டியல்மாணவி எழுதியது:

ஒரு வேண்டுகோள், அங்கிள். ஈயக் குண்டு பயன்படுத்தினால் செப்புக்கு மாறுங்கள். ஈயம் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறும். நீங்கள் விட்டுவரும் குடலைத் தின்னும் கழுகுகளுக்கு அது நஞ்சு. வீட்டில் குழந்தைகள் அந்த இறைச்சியைச் சாப்பிட்டால் அவர்களுக்கும் நல்லதல்ல.

சென்லோரன்ஸ்கரை எழுதியது:

சில ஆண்டுகளாகச் செப்புக் குண்டுதான், மகள். விலை கூடுதல், ஆனால் இரண்டு மானுக்கு எத்தனை குண்டு வேண்டும்? வன்னிமகன், நீயும் தொடக்கத்திலிருந்தே செப்பு வாங்கு.

பச்சைவயல் எழுதியது:

நேராகப் பதில் சொன்னதற்கு நன்றி. நான் சுடப் போவதில்லை, அதில் மாற்றமில்லை. கரடிகள் இல்லாமல் போன கதை மட்டும் இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. அந்தத் தீவுக்கு வேட்டையில்லாமல் கோடையில் போக முடியுமா? 2023இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது இதே தீவைத்தானே?

காட்டியல்மாணவி எழுதியது:

ஆம் அக்கா, இதே தீவு. அறிவித்தது பாறைகளுக்காக. சுமார் 44 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் உயிர்கள் பெருமளவில் அழிந்தன. அதுதான் உலகின் முதல் பெரும் அழிவு. அதற்கு முன்னும் பின்னும் இருந்த சிப்பிகளும் பவளங்களும் அடுக்கடுக்காக அங்கே பாறையில் பதிந்திருக்கின்றன. ஆற்றுப் படுகையில் நடந்தாலே காலடியில் தெரியும். எடுத்து வர அனுமதி இல்லை. ஒரு காலத்தில் அந்தத் தீவில் எண்ணெய் தோண்ட ஏற்பாடு நடந்தது. 2017இல் மாகாண அரசு அதை நிறுத்தியிராவிட்டால் இந்த அறிவிப்பு வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

சென்லோரன்ஸ்கரை எழுதியது:

ஜூலையில் போங்கள். வோரேயால் அருவி 76 மீட்டர். மேலே நின்று பார்ப்பதோடு திரும்பாமல் பள்ளத்தாக்கின் அடியில் ஆற்றோடு நடந்து போய்ப் பாருங்கள், தண்ணீரில் கால் நனையும், அதற்கேற்ற காலணி வேண்டும். ஜுப்பிட்டர் ஆற்றில் சாமன் மீன்கள் நிற்பதை மேலிருந்தே எண்ணலாம், தண்ணீர் அவ்வளவு தெளிவு. சாலைகள் எல்லாம் சரளைக்கல், டயர் வெடிப்பது வழக்கம். வாடகை வண்டியில் மாற்று டயர் இரண்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே சாவியை வாங்குங்கள்.

வன்னிமகன் எழுதியது:

அண்ணா, பயிற்சிக்குப் பதிவு செய்துவிட்டேன். கடைசியாக ஒன்று: இறைச்சியை ரொறன்ரோ வரை கெடாமல் எப்படிக் கொண்டுவருவது?

சென்லோரன்ஸ்கரை எழுதியது:

நல்லது செய்தாய் தம்பி. தீவிலேயே கூறு போட்டுப் பெட்டியில் அடுக்கித் தர ஆள் இருக்கிறார்கள், முகாமில் முன்கூட்டியே சொல்லி வை. விமானத்தில் எடை வரம்பு கடுமையானது, கப்பலில் அந்தத் தொல்லை குறைவு. ரிமூஸ்கியில் இறங்கியதும் ஐஸ் மாற்று, பெட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரை வடித்துவிடு, இறைச்சி தண்ணீரில் ஊறக் கூடாது. பதிவுச் சீட்டைப் பெட்டிக்குள் வைக்காதே, வழியில் அதிகாரி கேட்டால் உடனே காட்டும்படி சட்டைப் பையில் வைத்துக்கொள். மொன்றியல் வழியாகத்தானே வருவாய், எங்கள் வீட்டு உறைபெட்டியில் ஓர் இரவு வைத்துவிட்டுப் போகலாம்.